கல்லை உடைத்த அலை

ஒரு துவரம் பருப்பின் பருமனே உள்ள பொருள், நல்ல உடற்கட்டுள்ள ஒரு மனிதரைத் தரையில் உருண்டு புரளச் செய்துவிடும் என்றால் நம்புவீர்களா? சிறுநீரகத்தில் உருவான கல் அங்கிருந்து நழுவிச் சிறுநீர் நாளத்தில் சிக்கிக்கொண்டால் நேர்வது இதுதான். விலாவின் பின்புறம் தொடங்கும் வலி அடிவயிற்றுக்கும் தொடைச் சந்துக்கும் இறங்கும். குமட்டலும் வாந்தியும் உடன் சேரும். படுத்தாலும் நின்றாலும் ஆறுதல் இராது.

நம் முன்னோர் இந்நோயைக் கல்லடைப்பு என்று அழைத்தனர். பெயரிலேயே இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று கல், மற்றொன்று அடைப்பு. கல்லை உடைப்பது எப்படி? அடைப்பை நீக்குவது எப்படி? இவ்விரு வினாக்களுக்கும் மனிதன் விடை தேடிய வரலாற்றை இங்குக் காண்போம். முதல் வினாவுக்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. அப்படியன்று என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

முகத்துவாரம் தூர்ந்தால்

சென்னைக்கு வடக்கே பொன்னேரி வட்டத்தில் உள்ள காட்டூரிலும், பழவேற்காடு ஏரியை அடுத்த மீனவர் ஊர்களிலும் வாழ்பவர்களுக்கு அடைப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால், நீர் போக்குவரவு நின்றுவிடும். படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. மீன் வரத்தும் குறையும். பரந்த ஏரியோடு ஒப்பிட்டால் அந்த மணல் திட்டு மிகச் சிறியதுதான். ஆனால் அது கிடக்கும் இடம் அப்படிப்பட்டது.

நம் உடலிலும் இதே நிலைதான். இரு சிறுநீரகங்களிலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு வரும் நாளங்கள் ஒவ்வொன்றும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. உள்விட்டமோ 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். அதிலும் மூன்று இடங்கள் மேலும் குறுகியவை: நாளம் சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடம், இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கீழிறங்கும் கல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்ளும்.

கல் வழியை மறித்ததும் மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. வலிக்குக் காரணம் கல்லின் கூர்முனை மட்டுமன்று. இந்த அழுத்தமே முதன்மையான காரணமாகும். நாளடைவில் வலி தானே தணிந்துவிடுவதும் உண்டு. அப்போது கல் போய்விட்டது என்று நோயாளி மகிழ்கிறார். ஆனால் கல் அங்கேயே இருக்கலாம். அதற்கு மேலுள்ள சிறுநீரகம் சத்தமின்றிச் செயலிழந்துகொண்டிருக்கலாம். இந்நோயின் உண்மையான ஆபத்து வலியைவிட இந்த அமைதியில்தான் இருக்கிறது.

கத்தியின் காலம்

பழங்கால மருத்துவர் அறிந்திருந்த கல் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் தங்கிய கல்லே. சுசுருத சம்ஹிதை அதை அறுத்தெடுக்கும் முறையை விவரிக்கிறது. மருந்தால் பயனில்லாதபோது மட்டுமே கத்தியை எடுக்க வேண்டும் என்றும், அறுக்காவிட்டால் சாவு உறுதி, அறுத்தாலோ பிழைப்பது ஐயம் என்பதால் ஆள்வோரின் இசைவைப் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. கிரேக்க நாட்டில் ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழியும், கல்லுக்காகக் கத்தி எடுப்பதில்லை, அதனை அத்தொழில் பயின்றோருக்கே விட்டுவிட வேண்டும் என்று விலக்கி வைத்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. அக்காலத்தில் அவர்களுடைய தாய்நாட்டில் கல் நோயாளியின் நிலை எப்படி இருந்தது? ஆம்ஸ்டர்டாம் நகரக் கொல்லர் யான் தெ தோத் என்பவரின் கதையே அதற்குச் சான்று. இருமுறை அறுவை செய்தும் பயன் காணாத அவர், 1651-ல் தம் மனைவியை மீன் சந்தைக்கு அனுப்பிவிட்டு, தாமே வடித்த கத்தியால் தம்மைத் தாமே அறுத்துக் கோழிமுட்டையினும் பெரிய கல்லை வெளியே எடுத்தார். புகழ்பெற்ற மருத்துவர் நிக்கோலாஸ் துல்ப் இதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். கல்லைக் கையிலேந்தி நிற்கும் அக்கொல்லரின் ஓவியம் லைடன் நகரில் இன்றும் இருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஒருவர் இதற்குத் துணிந்தார் என்றால், அவர் பட்ட வேதனை எத்தகையது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1824-ல் பாரிசில் ழான் சிவியால் என்பவர் சிறுநீர்ப் புறவழியாகவே கருவியைச் செலுத்தி, சிறுநீர்ப்பைக் கல்லை உள்ளேயே பொடியாக்கிக் காட்டினார். உடலைக் கிழிக்காமல் கல்லை உடைக்கலாம் என்ற எண்ணத்திற்கு அதுவே தொடக்கம். இந்தியாவில் சிறுவர்களிடையேயும் சிறுநீர்ப்பைக் கல் மிகுந்திருந்தது. 1880-களில் இந்தூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் கீகன், சிறுவர்களுக்கும் இம்முறை ஏற்றது என்று நிறுவினார்.

ஆயினும் இக்கருவிகள் சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டன. மேலேயுள்ள நாளத்திலும் சிறுநீரகத்திலும் கிடக்கும் கல்லைக் காணவே வழியில்லை. 1895-ல் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டே கிளாஸ்கோவில் ஜான் மாக்கின்டயர் சிறுநீரகக் கல்லை எக்ஸ் கதிர்ப் படத்தில் பிடித்துக் காட்டினார். இருப்பிடம் தெரிந்தது, ஆனால் அதை அடைவதற்கு விலாவை நீளக் கிழிக்கத்தான் வேண்டியிருந்தது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு இதுவே பெருவழக்காக இருந்தது. கிழித்த காயம் ஆறப் பல வாரங்கள் ஆகும். கல்லோ மீண்டும் மீண்டும் தோன்றும் இயல்புடையது. ஒரே விலாவை எத்தனை முறை கிழிப்பது?

நீரில் ஓடும் அதிர்ச்சி

விடை மருத்துவக் கூடத்திலிருந்து வரவில்லை. விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதை அறிவதற்கு முன், நீருக்குள் அதிர்ச்சி எவ்வாறு பரவுகிறது என்று பார்ப்போம்.

ஏரியில் மூழ்கியிருக்கும்போது சற்றுத் தொலைவில் ஒருவர் நீருக்கடியில் இரு கூழாங்கற்களைத் தட்டினால், அவ்வொலி உங்கள் காதில் தெளிவாக விழும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நீரிலோ 1,500 மீட்டர். நம் தசையும் கொழுப்பும் பெரும்பாலும் நீரே. ஆதலால் நீரில் வரும் அலை, உடலின் எல்லையில் தடைபடாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. காற்று நிறைந்த உறுப்பை அடையும்போதுதான் அது தடுக்கப்பட்டுத் திரும்புகிறது. சேதம் நேர்வதும் அங்கேதான். நீரில் வெடி வைத்தால் மேலே காயம் தெரியாமலே மீன்கள் செத்து மிதப்பதற்கு அவற்றின் காற்றுப்பை கிழிவதே காரணம். அவ்வாறு மீன் பிடிப்பதை இந்திய மீன்வளச் சட்டம் 1897-லேயே தடை செய்தது. இரண்டாம் உலகப் போரில், கடலில் தத்தளித்த மாலுமிகள் அருகில் வெடித்த நீர்மூழ்கிக் குண்டுகளால் புறக்காயமின்றியே நுரையீரலும் குடலும் சிதைந்து மாண்டதும் இவ்வாறே.

மேற்கு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் டோர்னியர் என்ற விமான நிறுவனம் இருந்தது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் பழுதடைகிறது என்று அதன் பொறியாளர்கள் ஆராய்ந்தனர். துளி மோதும்போது எழும் அதிர்ச்சி அலை உலோகத்தினுள் பாய்வதே காரணம் எனக் கண்டனர். 1966-ல் ஒரு சோதனையின்போது, அதிவேக எறிபொருள் இலக்கைத் தாக்கிய அதே கணத்தில் பொறியாளர் ஒருவர் தற்செயலாக அவ்விலக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் தாக்கியது போன்ற உணர்ச்சி அவர் உடலில் பாய்ந்தது. அளந்து பார்த்ததில் மின்சாரம் ஏதும் இல்லை. அலைதான் அவர் கை வழியே சென்றிருந்தது; தோலில் கீறலும் இல்லை.

போர்க்களத்தில் இத்தகைய அலை வீரர்களுக்குத் தீங்கு செய்யுமா என்றறிய மேற்கு ஜெர்மனியின் பாதுகாப்புத் துறை ஆய்வு நடத்தியது. தசையையும் கொழுப்பையும் அலை பெரிய சேதமின்றிக் கடக்கிறது, நுரையீரல்தான் அதற்கு ஆற்றாது என்று தெரிந்தது. எனில், மென்மையான உடலைக் கடந்து, உள்ளே இருக்கும் கடினமான கல்லை மட்டும் உடைக்க அதைப் பயன்படுத்தலாகாதா? 1971-ல் ஹாய்ஸ்லர், கீஃபர் என்ற இரு அறிவியலார், தொடாமலேயே அதிர்ச்சி அலையால் சிறுநீரகக் கல்லை உடைக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினர். அழிவைப் பற்றிய ஆராய்ச்சி நலம் தரும் திசையில் திரும்பியது.

1980, பிப்ரவரி 7

1974-ல் மேற்கு ஜெர்மன் அரசின் ஆராய்ச்சித் துறை நிதி வழங்க, மியூனிக் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் ஷோசி, ஃபெர்டினாண்ட் ஐசன்பர்கர், எக்பர்ட் ஷ்மீட், வால்ட்டர் பிரெண்டல் ஆகிய மருத்துவர்களும், டோர்னியர் நிறுவனத்தின் பெர்ண்ட் ஃபார்ஸ்மனும் கூடி உழைத்தனர். அலையை உண்டாக்குவது எளிதாயிற்று. கல்லைக் குறி பார்ப்பதே கடினமாயிற்று. மீயொலியால் இடம் காணும் முயற்சி அப்போது பலன் தரவில்லை. இரு கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர் செலுத்தி இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் முறை வந்த பிறகே வெற்றி கிட்டியது.

1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் லான்செட் இதழில் அறிக்கை வெளியானது. எச்.எம்.3 என்ற செம்மையான கருவி 1983-ல் ஸ்டுட்கார்ட்டிலும், 1984-ல் அமெரிக்காவிலும் பணியைத் தொடங்கியது. 1980-களின் பிற்பகுதியில் இத்தகைய கருவிகள் இந்தியப் பெருநகரங்களுக்கும் வந்து சேர்ந்தன.

அக்கருவி எப்படி வேலை செய்தது? ஒரு பலகையில் இரு ஆணிகளை அடித்து, தளர்ந்த நூல் வளையம் ஒன்றை மாட்டி, பென்சிலால் நூலை இழுத்தபடியே சுற்றி வந்தால் நீள்வட்டம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ஆணிகள் இரண்டும் அதன் குவியங்கள். ஒரு குவியத்தில் புறப்படும் அலை எப்பக்கம் சென்று மோதினாலும் மற்றக் குவியத்திலேயே வந்து கூடும். எச்.எம்.3 கருவியில் பித்தளையாலான அரை நீள்வட்டக் கிண்ணம் ஒன்று நீர்த்தொட்டியின் அடியில் இருந்தது. அதன் குவியத்தில் ஏறத்தாழ 20,000 வோல்ட்டில் மின்பொறி தெறிக்கும். நோயாளியைத் தொட்டியில் இறக்கி, அவருடைய கல் மற்றக் குவியத்தில் சரியாக அமையுமாறு நகர்த்துவார்கள். ஒவ்வொரு பொறியும் இதயத் துடிப்போடு இசைந்து தெறிக்கும்படி அமைக்கப்பட்டது. இல்லையேல் துடிப்பின் ஒழுங்கு கெட்டுவிடலாம். தொட்டி நீரிலிருந்து காற்றை முன்னரே நீக்கிவிடுவார்கள். ஏனெனில் சிறு காற்றுக்குமிழியும் அலையை மறித்துவிடும்.

குவியத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 400 மடங்கை எட்டுகிறது. ஆனால் அது நீடிப்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. கேரம் காய்களை வரிசையாக ஒட்டி வைத்து ஒரு முனையில் சுண்டினால், மறுமுனையிலுள்ள காய்தான் தெறித்து ஓடும். கல்லிலும் முன்புறம் நுழைந்த அலை பின்புறச் சுவரில் பட்டுத் திரும்பும்போது, அங்குள்ள பகுதியைப் பிய்த்து இழுக்கிறது. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அலையைத் தொடர்ந்து கல்லைச் சுற்றியுள்ள நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து அதன் மேற்பரப்பை அரிக்கின்றன. ஓர் அடியில் கல் உடைவதில்லை. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் என்று அடிகள் விழுந்தே பொடியாகிறது. இன்று பெரிய தொட்டி தேவையில்லை. நீர் நிரம்பிய மெத்தை போன்ற பையை உடலோடு பொருத்திவிடுகிறார்கள். நொடிக்கு இரண்டு அடி என்பதைவிட ஒன்று என்று மெதுவாக அடிப்பதே கல்லை நன்றாக உடைக்கிறது என்பதும் பின்னர் தெரியவந்தது.

நாளத்துக் கல்லின் பிடிவாதம்

சிறுநீரகத்துள் கிடக்கும் கல்லைச் சுற்றி நீர் உண்டு. நாளத்தில் சிக்கிய கல்லையோ நாளத்தின் சுவர் இறுகப் பிடித்திருக்கும். குமிழிகள் தோன்ற இடமில்லை. உடைந்த துண்டுகள் விலகவும் இடமில்லை. இதனால் தொடக்க ஆண்டுகளில், மெல்லிய குழாயைச் செலுத்தி நாளத்துக் கல்லை மேலே சிறுநீரகத்துக்குத் தள்ளி, பிறகே அலையால் அடித்தனர். மேலும், நாளத்தின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மறைவில் செல்கிறது. எலும்பு அலையை மறிக்கும். அதற்காக நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து முன்புறமிருந்து அடிக்கும் முறையைக் கையாண்டனர். கருவிகளும் பழக்கமும் வளர்ந்த பின்னர், கல்லை இருந்த இடத்திலேயே அடிப்பது வழக்கமாயிற்று.

கல் உடைந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. துண்டுகள் அதே குறுகிய நாளத்தின் வழியேதான் இறங்க வேண்டும். சில வேளை அவை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நின்று புதிய அடைப்பை உண்டாக்கும். ஜெர்மானியர் இதற்குக் 'கல் தெரு' என்று பெயரிட்டனர்.

இதற்கிடையே வேறொரு வழியும் வளர்ந்தது. மெல்லிய நோக்குக் கருவியைச் சிறுநீர்ப்பை வழியாக நாளத்தினுள்ளேயே செலுத்தி, லேசர் கதிரால் கல்லை உடைப்பதே அது. இரண்டில் எது மேல்? பிரிட்டனில் 600-க்கும் மேற்பட்ட நாளக்கல் நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், அலைச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 22 பேருக்கும், நோக்குக் கருவிச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 10 பேருக்கும் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் அலைச் சிகிச்சைக்குச் செலவு குறைவு. பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டியதில்லை. எனவே 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களுக்கு இரண்டுமே ஏற்றவை. பெரிய கற்களுக்கு நோக்குக் கருவியே சிறந்தது என்று இன்று கருதப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கும், இரத்தம் உறையாத குறையுடையோருக்கும், சிறுநீரில் கிருமித் தொற்று உள்ளபோதும் அலைச் சிகிச்சை கூடாது.

மாத்திரை வந்த வழி

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். கல்லோ துண்டோ எளிதில் இறங்க மருந்து உண்டா?

சிறுநீர் நாளம் வெறும் குழாய் அன்று. அதன் சுவர்த் தசை அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளுகிறது. அத்தசையைச் சுருங்கத் தூண்டும் ஆல்ஃபா ஏற்பிகள் மனித நாளத்தில் இருப்பதை 1970-ல் ஆய்வாளர் வெளியிட்டனர். 1990-களில் ஜப்பானில், முதியோரின் புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் என்ற மருந்து பயனுக்கு வந்தது. அது ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுத்துத் தசையைத் தளர்த்துவது. அதையே கல்லுக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன? 2000-க்குப் பின் நடந்த சிறு ஆய்வுகள் பெரும் நம்பிக்கை ஊட்டின. உலகெங்கும் மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுக்கத் தொடங்கினர்.

அறிவியல் நம்பிக்கையோடு நின்றுவிடுவதில்லை. எடை போட்டுப் பார்க்கிறது. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 1,167 பேரிடம் நடத்தப்பட்ட சோதனை 2015-ல் வெளிவந்தது. உண்மை மருந்து பெற்றவர் யார், வெற்று மாத்திரை பெற்றவர் யார் என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. நான்கு வாரங்களில் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படாதோர், டாம்சுலோசின் பெற்றவரில் நூற்றுக்கு 81. வெற்று மாத்திரை பெற்றவரில் நூற்றுக்கு 80! அப்படியானால் மருந்து பயனற்றதா? சீனாவில் நாளத்தின் கீழ்ப்பகுதியில் கல் இருந்த 3,296 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வேறொரு செய்தியைத் தந்தது. மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 86 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவரில் 79 பேருக்கும் கல் வெளியேறியது. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களில்தான் பயன் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் நூற்றுக்கு 68 அளவுக்குத் தாமாகவே வெளியேறிவிடுகின்றன. 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றில் நூற்றுக்கு 47. தானே இறங்கும் சிறு கல்லுக்கு மருந்து எதற்கு? நாளத்தின் கீழ்ப்பகுதியில் சிக்கிய, சற்றே பெரிய கல்லுக்குத்தான் அதன் துணை வேண்டும். அலைச் சிகிச்சைக்குப் பின் துண்டுகள் இறங்கவும் அது ஓரளவு உதவுகிறது. கல்லைக் கரைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. யூரிக் அமிலக் கற்களை மட்டும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்துகளால் கரைக்க முடியும். பெரும்பாலோருக்கு உண்டாகும் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

எப்போது பொறுக்கலாம், எப்போது கூடாது?

ஏரியில் நாளெல்லாம் வெயிலில் நின்று வலை இழுப்பவரின் உடல்நீர் வியர்வையாகவே போய்விடுகிறது. சுற்றிலும் நீர், குடிக்கத்தக்க நீரோ படகில் கொண்டுசென்ற அளவுதான். சிறுநீர் குறைந்து கெட்டியானால் அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகும் வாய்ப்பு பெருகும். நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்துவதே கல் மீண்டும் வராமல் தடுக்கும் முதல் வழி. வலியின்போது குடம் குடமாகக் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்பது தவறு. உணவில் உப்பு மிகுந்தால் சிறுநீரில் கால்சியம் மிகும். ஆகவே கருவாடு நாள்தோறும் தட்டில் இருந்தால் கல் கண்டவர் அளவைக் குறைக்க வேண்டும்.

அன்றாடக் கூலியையும் அன்றைய மீன்பாட்டையும் நம்பி வாழும் குடும்பத்தில், வலி நின்றதும் மருத்துவமனையை மறப்பது இயல்பே. ஆனால் கல் வெளியேறியதைக் கண்ணால் கண்டாலன்றி, அல்லது படம் எடுத்து உறுதி செய்தாலன்றி, அது போய்விட்டதாகக் கொள்ளலாகாது. சிறு கல்லுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்கலாம். அதுவும் மருத்துவரின் கண்காணிப்பில். குளிர்காய்ச்சல் சேர்ந்தாலும், சிறுநீர் அறவே நின்றாலும், இருப்பது ஒரே சிறுநீரகம் என்றாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் அது உயிருக்கே இறுதியாகலாம். அந்நிலையில் மருத்துவர் கல்லைத் தொடமாட்டார். முதலில் குழாய் பொருத்தித் தேங்கிய சிறுநீரை வடிப்பார். கல்லைப் பின்னர்தான் உடைப்பார்.

கடையில் தாமே மாத்திரை வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். டாம்சுலோசின் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதால், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வீட்டில் அது சிறு தொல்லை; படகின் விளிம்பில் நின்று வலை வீசுபவருக்கு அது விபத்து. வலி மாத்திரைகளும் உடல்நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்கே கேடு செய்யக்கூடும். பொன்னேரி அரசு மருத்துவமனையோ, சிறுநீரியல் துறையுள்ள சென்னை ஸ்டான்லி மருத்துவமனையோ எட்டாத் தொலைவில் இல்லை.

விமானத்தில் மோதிய மழைத்துளி மனிதனுக்கு ஒரு கருவியைத் தந்தது. கத்தி செய்த வேலையை இன்று அலை செய்கிறது. ஆனால் கல் எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு மேலுள்ள சிறுநீரகம் எந்நிலையில் இருக்கிறது என்ற மூன்று செய்திகள் தெரியாமல் அலையாலும் பயனில்லை, மாத்திரையாலும் பயனில்லை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் கல்லடைப்பு என்று தெரிந்தால், மருத்துவரிடம் இம்மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.